15 ஆண்டு முடிந்த மோட்டார் சைக்கிளைத் தகுதி ஆய்வுக்குத் தயார் செய்வது எப்படி

சென்னையில் 2010, 2011 ஆண்டுகளில் பதிவான 100 சிசி வண்டிகள் இன்றும் அலுவலகத்துக்கும் மார்க்கெட்டுக்கும் அன்றாடம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்த்துத் தகுதியானது என்று ஏற்றுக்கொண்டால், மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். பட்டறைகளில் இதை ‘எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுவது’ என்பார்கள்.

இந்த ஆய்வைப் பற்றிப் பலர் தவறாகவே கணக்குப் போடுகிறார்கள். பழைய வண்டி என்றதும் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன் ரிங் மாற்றி, பெயின்ட் அடித்து ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் 2009ஆம் ஆண்டு வண்டியை முதல் முறை கொண்டுசென்றபோது நானும் அதைத்தான் செய்தேன். எஞ்சின் சத்தம் மிருதுவாக இருந்தது. ஆனால் முன் பிரேக்கைப் பிடித்தபோது பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழுதான அந்தச் சிறு ஸ்விட்சின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட ஆகாது. வண்டியைத் திரும்பி வரவைப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட சில்லறைக் குறைகள்தான். எனவே எஞ்சினைத் தொடுவதற்கு முன்பு, கீழே சொல்லப்படுபவற்றை வீட்டு வாசலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்து முடித்துவிடுவது நல்லது.

முதலில் காகிதங்கள். சான்று காலாவதியாகும் நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25இல் விண்ணப்பிக்க வேண்டும்; மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் கட்டணம் செலுத்தலாம். மத்திய விதிகளின்படி 2022 ஏப்ரல் முதல் மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பித்தல் கட்டணம் 1,000 ரூபாய். 20 ஆண்டு கடந்த வண்டிக்கு 2025 ஆகஸ்ட் முதல் 2,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதலாகச் சேரும் என்பதால், ஓராண்டு மறந்துவிட்டவர் கட்டணத்தைவிட அபராதத்தையே அதிகம் கட்ட நேரும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. காப்பீடும் புகைச் சான்றும் ஆய்வு நாளன்று செல்லுபடியாக இருக்க வேண்டும். மாதத் தவணையில் வாங்கிய வண்டியாக இருந்தால் ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். கடன் தீர்ந்து பத்து ஆண்டு ஆகியும் நிதி நிறுவனத்தின் பெயர் அதில் அப்படியே இருப்பது மிகச் சாதாரணம். அதை நீக்குவதற்கு அந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் தேவைப்படும் என்பதால், அந்த வேலையை ஆய்வுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்தது வண்டியின் சட்டத்தில் குத்தப்பட்டுள்ள அடையாள எண்ணான சேசிஸ் எண். கடற்கரை நகரத்து வண்டிகளுக்கு இது உண்மையான தொல்லை. பெரும்பாலான சிறு வண்டிகளில் இந்த எண், ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள குழாயின் பக்கவாட்டில் குத்தப்பட்டிருக்கும். ஒயர்களின் கட்டும், கேபிள்களும் அதை மறைத்துக்கொண்டிருக்கும். உப்புக் காற்றில் பெயின்ட் உரிந்து, திருவொற்றியூர், பட்டினப்பாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் வெளியில் நிற்கும் வண்டிகளில் எழுத்தே துருவில் கரையத் தொடங்கியிருக்கும். ஆய்வின்போது எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுப்பது வழக்கம். அதில் ஒரு இலக்கம் தெளியாவிட்டாலும் சிக்கல்தான். துருவை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது; அது எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பொறுமையாகச் சுத்தம் செய்து, துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்துவிட்டு, நீங்களே ஒருமுறை பென்சில் பதிவு எடுத்துப் பாருங்கள். எண் உண்மையிலேயே அழிந்துபோயிருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி விண்ணப்பித்து அனுமதி பெற்றே மறுபடி குத்த வேண்டும். பட்டறைக்காரர் ‘நானே பஞ்ச் பண்ணித் தருகிறேன்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது எண்ணைத் திருத்திய குற்றமாகவே பார்க்கப்படும்.

எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் எஞ்சின் வாங்கி மாட்டிய வண்டி என்றால், அந்த மாற்றம் அனுமதியோடு பதிவுச் சான்றில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். வாங்கிய பில்லும் கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஆய்வில் செல்லாது. நிறமும் அப்படித்தான்: சான்றில் கருப்பு என்று இருக்க, வண்டி சிவப்பாக நிற்கக் கூடாது.

நம்பர் பிளேட்டில் விதி வெளிப்படையானது. 70 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளின் முன் பிளேட்டில் எழுத்தும் எண்ணும் 30 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். பின் பிளேட்டில் எழுத்து 35 மி.மீ., எண் 40 மி.மீ. ஆங்கில எழுத்தும் வழக்கமான எண்களும்தான் ஏற்கப்படும். ‘தநா’ என்று தமிழில் எழுதிக்கொள்ளும் ஆசை எனக்கும் புரிகிறது, ஆனாலும் ஆய்வுக்கு அது உதவாது. தலைவர் படம், சாமி பெயர், தொழில் அடையாளம் எதுவும் பிளேட்டில் இருக்கக் கூடாது.

மின்சாரப் பகுதியில்தான் அதிகமான வண்டிகள் தோற்கின்றன, அதற்குக் காரணமும் உண்டு. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டும் தீப்பொறிக்கான மின்சாரமும் எஞ்சின் சுழற்சியிலிருந்து நேரடியாக வருகின்றன; ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு ஆகியவை மட்டும் பேட்டரியை நம்பியிருக்கின்றன. எனவே பேட்டரி செத்துப்போன வண்டியும் ஓர் உதையில் கிளம்பும், ஹெட்லைட்டும் எரியும், உரிமையாளருக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஆய்வாளர் எஞ்சினை அணைக்கச் சொல்லி ஹாரனை அழுத்தினால் தொண்டை கட்டியது போல ஒரு சத்தம் மட்டும் வரும். ஆகவே சோதனையை எஞ்சின் அணைந்த நிலையில், சாவியை மட்டும் திருகிச் செய்யுங்கள். முன் லீவரைத் தனியாகவும் பின் பெடலைத் தனியாகவும் அழுத்தி, சுவரில் சிவப்பு ஒளி விழுகிறதா என்று பாருங்கள். பின் விளக்கு பல்ப்பில் இரண்டு இழைகள் உண்டு. இரவு விளக்கின் இழை எரிந்துகொண்டிருக்கும்போதே பிரேக்கின் இழை அறுந்திருக்கலாம் என்பதால், ஒன்று எரிவதை வைத்து மற்றது நன்றாக இருப்பதாக முடிவு செய்யாதீர்கள். இண்டிகேட்டர் ஒரு பக்கம் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் மினுங்கினால் அந்தப் பக்கம் ஒரு பல்ப் போயிருக்கும், அல்லது அதன் எர்த் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பல்ப் புதிதாக இருந்தும் எரியாவிட்டால் ஹோல்டரைச் சுரண்டிச் சுத்தம் செய்வதே பாதி வைத்தியம். ஹெட்லைட்டில் ஹை, லோ இரண்டும் வேலை செய்ய வேண்டும். பல குரலில் கூவும் ஹாரனையும், கண்ணைப் பறிக்கும் கூடுதல் எல்.இ.டி. விளக்குகளையும், வெடிச்சத்தம் போடும் சைலன்சரையும் கழற்றிவிட்டு, கம்பெனிப் பொருளையே மாட்டுங்கள்.

இங்கேயே பின் சக்கரத் தடுப்பான சாரி கார்டைப் பற்றியும் சொல்லிவிடலாம். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும், கால் வைக்க இடமும், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. அழகு கெடுகிறது என்று கழற்றிப் பரணில் போட்டவர்கள் அதைத் தேடி எடுத்து மாட்டுங்கள். கண்ணாடி இரண்டும் இருக்கட்டும்.

புகைச் சோதனையில், 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம்.-உம் உச்ச வரம்பு. நன்றாகப் பராமரிக்கப்பட்ட வண்டிக்கு இது கடினமான வரம்பே அல்ல. முதல் எண் அதிகமானால் பெட்ரோல் கலவை கூடியிருக்கிறது என்று பொருள்: அடைத்த ஏர் ஃபில்டர், முழுதும் திரும்பாத சோக், கார்புரேட்டர் ஸ்க்ரூ ஆகிய மூன்றையும் பாருங்கள். இரண்டாவது எண் மட்டும் அதிகமானால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பார்த்தும் குறையாவிட்டால் எண்ணெய் எரிகிறதா என்று கவனியுங்கள். எஞ்சின் சூடான பிறகும் நீலம் கலந்த வெண்புகை நிற்காவிட்டால் மட்டுமே ரிங், வால்வு சீல் வேலைக்குப் போக வேண்டும். குளிர்ந்த எஞ்சினோடு சோதனைக்குப் போகாதீர்கள். நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போங்கள். சைலன்சரில் துருப்பிடித்த ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு குறைவாகக் காட்டும். அந்தச் சான்று பொய்யான ஆறுதல்.

ஆறுதல் என்றதும் ஆய்வின் நம்பகத்தன்மையைப் பேசியாக வேண்டும். ஆய்வாளர் சில நிமிடங்களே வண்டியைப் பார்க்கிறார். சக்கரத்தைக் கழற்றுவதில்லை, செயின் கவரைத் திறப்பதில்லை. இன்றைக்கு அவர் பார்க்கும் பிரேக் ஷூ அடுத்த ஆண்டே தேய்ந்துபோகலாம், ஆனால் சான்று 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே அந்தச் சான்றை வைத்து வண்டி பத்திரமானது என்று நம்புவதற்கில்லை. அவர் பார்க்காதவற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும், என் கருத்தில் இதுவே முக்கியமான பகுதி.

டிரம் பிரேக்கின் தேய்மானத்தைக் கழற்றாமலே ஓரளவு அறியலாம். பிரேக் கம்பி இழுக்கும் சிறு நெம்புகோலின் அடியில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும்; பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அது டிரம் மூடியில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. நட்டை மேலும் திருகி இறுக்கினால் பிரேக் பிடிப்பது போலத் தோன்றும், ஆய்விலும் தேறிவிடும். ஆனால் மழையில் அண்ணா சாலை சிக்னலில் அந்தப் பிரேக் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு விஷயம்.

சென்டர் ஸ்டாண்டில் வைத்து, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லுங்கள். ஹேண்டில்பாரை மெதுவாக இருபுறமும் திருப்பும்போது நேர்நிலையில் லேசாகப் பள்ளத்தில் விழுவது போல நின்றால் ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட் குழி விழுந்துவிட்டது. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது ‘டக்’ என்று கேட்டால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி, சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங்கையும், அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் சேர்ந்து ஆடினால் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் சந்தேகியுங்கள். ஸ்போக் சக்கரமானால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டுங்கள். மந்தமான ஒலி தருவது தளர்ந்த கம்பி. செயினின் தொய்வு பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், அதைச் சக்கரத்தைச் சுழற்றி மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தொய்வாகவும் இருந்தால் செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் (செயின் ஓடும் பற்சக்கரங்கள்) சேர்த்தே மாற்றுங்கள். டயரில் பள்ளத்துக்குள் தெரியும் சிறு மேடு வரை தேய்ந்திருந்தால் பேரம் பேசாமல் புது டயர் போடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதோ நீரில் நின்ற வண்டி என்றால், வேளச்சேரி, முடிச்சூர்க்காரர்களுக்குத் தெரியும், பேரிங்கும் ஒயரிங் இணைப்புகளும் பல மாதம் கழித்துத்தான் தகராறு செய்யும். அத்தகைய வண்டியில் சக்கர பேரிங்கைக் கேள்வியின்றி மாற்றிவிடுவது மலிவு.

ஆய்வு நாளன்று வண்டியைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். ஈரத்தோடு போனால் டிரம் பிரேக் வழுக்கும், சேசிஸ் எண்ணின் பதிவும் சரியாக விழாது. ஓர் உதிரி பின் பல்ப்பும் சிறு ஸ்க்ரூ டிரைவரும் பையில் இருக்கட்டும். திருப்பி அனுப்பினால் காரணத்தைத் தெளிவாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தக் குறையை மட்டும் சரி செய்து மறுபடி காட்டுங்கள். ‘எல்லாவற்றையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம்’ என்று பட்டறையில் சொல்வார்கள். அதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை.