அழிந்துபோன கடல் ஊர்வனவற்றில் புதிய சிற்றினத்தை அடையாளம் காண்பது எப்படி?

கையில் உள்ள புதைபடிவம் இதுவரை அறியப்பட்டவற்றிலிருந்து வேறுபடுகிறது என்பதாலேயே அது புதிய சிற்றினம் ஆகிவிடாது. அந்த வேறுபாட்டுக்கு வேறு காரணம் எதுவும் இல்லை என்று காட்டுவதிலேயே வேலையின் பெரும்பகுதி கழியும்.

படி 1: பாறை அடுக்கு
எலும்பை எடுப்பதற்கு முன்பே, அது எந்த அடுக்கில் எந்த நிலையில் கிடந்தது என்பதை ஒளிப்படத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். அடுக்கின் காலம் தெரிந்தால் ஒப்பிட வேண்டியவை குறையும். மீன் போன்ற உடலமைப்புள்ள இக்தியோசார்கள் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன, பல்லி இனத்துக்கு நெருங்கிய மோசசார்களோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தன.

படி 2: குழு
இக்தியோசாரின் முள்ளெலும்பு இருபுறமும் குழிந்த வட்டுப் போலிருக்கும். அதன் துடுப்பில் சிறு எலும்புகள் தளக்கற்களைப் போல நெருங்கிப் பதிந்திருக்கும். பிளீசியோசாருக்கு நான்கு நீண்ட துடுப்புகள் உண்டு. மோசசாருக்கு அண்ணத்திலும் பற்கள் உண்டு. இதில் வல்லுநர்களும் சறுக்கியிருக்கிறார்கள்: எலாஸ்மோசாரஸ் என்ற பிளீசியோசாருக்கு 1868-இல் பெயரிட்ட அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் எட்வர்ட் கோப், அதன் நீண்ட கழுத்தை வால் என்று எண்ணித் தலையை மறுமுனையில் வைத்துவிட்டார்.

படி 3: அசல்தானா?
பழைய சேகரிப்புகளில், விடுபட்ட பகுதிகளைப் பிளாஸ்டராலோ வேறொரு விலங்கின் எலும்பாலோ நிரப்பியிருப்பதுண்டு, சி.டி. ஸ்கேன் அதைக் காட்டிக்கொடுக்கும்.

படி 4: வேறுபாட்டைச் சோதித்தல்
பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். குட்டிகளுக்கு உடலை நோக்கத் தலையும் கண்குழியும் பெரிதாக இருக்கும், எலும்புகள் முழுமையாக இணைந்திருக்கமாட்டா. ஆகவே வயது வேறுபாட்டைச் சிற்றின வேறுபாடாக எண்ணிவிடுவது எளிது. பாறையின் அழுத்தமும் எலும்பின் வடிவத்தை மாற்றும் என்பதால், ஒரு பண்பு இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் ஒரேபோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்–பெண் வேறுபாட்டையும் மறக்கக் கூடாது.

அதே பண்பு இன்னொரு மாதிரியிலும் தென்பட்டால் உங்கள் வாதம் வலுப்பெறும். பிளாஸ்டர் நகல் என்று கருதப்பட்டு இங்கிலாந்தின் டான்காஸ்டர் அருங்காட்சியகத்தில் இருந்த ஓர் இக்தியோசார், உண்மையான புதைபடிவம் என்பதை 2008-இல் தொல்லுயிரியலாளர் டீன் லோமாக்ஸ் கண்டறிந்தார். அவரும் ஜூடி மசாரேயும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைப் பார்த்து, மேற்கை எலும்பிலும் தொடை எலும்பிலும் கண்ட தனித்தன்மை வேறு சிலவற்றிலும் இருப்பதை உறுதிசெய்த பிறகே, 2015-இல் புதைபடிவச் சேகரிப்பாளர் மேரி ஆனிங்கின் நினைவாக அதற்கு இக்தியோசாரஸ் ஆனிங்கே என்று பெயரிட்டனர். முழு எலும்புக்கூடுதான் வேண்டும் என்பதும் இல்லை. சுமார் 25 மீட்டர் நீளம் என மதிப்பிடப்படும் இக்தியோடைட்டன் என்ற இக்தியோசார், 2016-இல் ஒன்றும் 2020 முதல் மற்றொன்றுமாகக் கிடைத்த கீழ்த்தாடை எலும்புகளை மட்டுமே கொண்டு 2024-இல் பெயர்பெற்றது.

படி 5: உறவுமுறை
பண்புகளை அட்டவணையாக்கி, உறவான சிற்றினங்களுடன் கணினி நிரலில் ஒப்பிட்டு, உங்கள் விலங்கு வம்சாவளியில் எங்கே அமர்கிறது என்று பாருங்கள். முந்தைய படிகள் சரியாக இருந்தால் இது பெரும்பாலும் கணினியின் வேலையே.

படி 6: பெயர்
விலங்கியல் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதிகளின்படி, பிற சிற்றினங்களிலிருந்து பிரித்துக்காட்டும் பண்புகளை எழுதி, ஒரு மாதிரியை மூல மாதிரியாக (அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரியாக) அறிவித்து வெளியிட வேண்டும். அந்த மாதிரியை, பிறரும் சோதித்துப் பார்க்கும்படி, பொது அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிடுவதே முறை. முப்பரிமாண ஸ்கேனும் எடுத்துவையுங்கள். அறிவியல் உலகம் அறிந்த முதல் முழுமையான இக்தியோசார் எலும்புக்கூடு 1941-இல் லண்டன் குண்டுவீச்சில் அழிந்துபோக, இன்று மிஞ்சியிருப்பவை அதன் பிளாஸ்டர் வார்ப்புகள் மட்டுமே.