குறைமாதக் குழந்தைக்குச் சிரைவழி ஊட்டம்: எலும்புக் கணக்கு

எலும்புக்கான தாதுக்களில் சுமார் 80 சதவீதம் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. முன்கூட்டியே பிறந்தால், சிரை (ரத்தக் குழாய்) வழியாக ஏற்றும் ஊட்டப் பைதான் ஈடுகட்ட வேண்டும்.

முதல் சில நாட்களில் கிலோவுக்குத் தினமும் கால்சியம் 32–80 மி.கி., பாஸ்பரஸ் 31–62 மி.கி.; வளரத் தொடங்கியதும் கால்சியம் 64–140, பாஸ்பரஸ் 50–108 மி.கி. 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 1 மி.லி.யில் உள்ள கால்சியம் 9.3 மி.கி.தான்; உப்பின் எடையையே கால்சியமாக எண்ணிப் பலர் இடறுவது இங்கேதான்.

கால்சியமும் பாஸ்பேட்டும் (பாஸ்பரஸ் தரும் உப்பு) பையில் சேர்ந்து படிவாகலாம்; அதனால் பாஸ்பேட்டை முதலில் சேர்த்து நன்கு கலக்குங்கள், கால்சியம் பிறகு. கொழுப்பு கலந்த பையில் படிவு கண்ணுக்குத் தெரியாது. சோடியம் கிளிசரோபாஸ்பேட் (கரிம வகைப் பாஸ்பேட்) கிடைத்தால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

அமினோ அமிலத்தைத் தாராளமாகக் கொடுத்து பாஸ்பேட்டில் கஞ்சம் பிடித்தால், வளரும் செல்கள் இருக்கும் பாஸ்பேட்டை இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் பாஸ்பேட் சரியும், எலும்பு கரைந்து கால்சியம் ஏறும். அப்போது கால்சியத்தை மட்டும் குறைத்துவிட்டு நிற்காதீர்கள், பாஸ்பேட்டைக் கூட்டுங்கள்.