பந்தயக் கார் உரிமையாளர்களுக்கு ஒரு தேசியச் சங்கம்: ஊட்டியிலிருந்து தொடங்கும் முறை

பந்தயம் முடிந்து மேடையேறிக் கோப்பையைத் தூக்குபவர் ஓட்டுநர். காரை வாங்கி, ரோல் கேஜ் (விபத்தில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) போட்டு, இன்ஜினைப் பிரித்துக் கோத்து, லாரியில் ஏற்றி அனுப்பி, மோதி வந்த பாடியைத் தட்டி நிமிர்த்துபவர் உரிமையாளர். பல அணிகளில் இருவரும் ஒருவரே. ஆனாலும் விதி மாறும்போது பணம் கரைவது உரிமையாளர் கையிலிருந்துதான். போன வருடம் செல்லுபடியான கேம் ஷாஃப்ட் (இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) இந்த வருடம் செல்லாது என்றால், பட்டறை அலமாரியில் கிடப்பது வெறும் இரும்பு. அப்படி ஒரு விதி வருவதற்கு முன்பே உரிமையாளர்கள் ஒரே குரலில் பேச வேண்டும். அதற்குத்தான் சங்கம்.

ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிப்பது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. கூட்டமைப்பு. கார் பந்தயத்தில் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் இந்தியப் பிரதிநிதி அதுதான். ஓட்டுநர் உரிமம் தருவது, விதிப்புத்தகம் வெளியிடுவது, போட்டிக்கு அனுமதி தருவது எல்லாம் அங்கே. உரிமையாளர் சங்கம் அதற்குப் போட்டியாக நிற்கக் கூடாது, நிற்கவும் முடியாது. விதிகள் நிலையாக இருக்கப் பேசுவது, உதிரிபாகங்களை மொத்தமாக வாங்குவது, போட்டி நடத்துபவரிடம் நுழைவுக் கட்டணமும் டயர் எண்ணிக்கையும் பேசுவது, இவ்வளவுதான் அதன் வேலை. இதற்கு மேல் நோக்கங்களில் எழுதினால் வீண் சண்டைதான் வரும்.

புரிவதற்காக, பழைய மாருதி எஸ்டீமை அடிப்படையாகக் கொண்ட 1300 சிசி டூரிங் கார் (சாலைக் காரைப் பந்தயத்துக்கு மாற்றியது) பிரிவை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஒற்றை இருக்கை ஃபார்முலா கார் என்றாலும் வழி இதுவே.

படி 1: ஒரே பிரிவு, பல ஊர்

எல்லாப் பிரிவுகளையும் ஒரே சங்கத்தில் சேர்க்க ஆசை வரும். வேண்டாம். ஒற்றை இருக்கைக் கார் வைத்திருப்பவரின் கவலையும் டூரிங் கார் வைத்திருப்பவரின் கவலையும் வேறு. ஒரே பிரிவில் குறைந்தது 12 உரிமையாளர்கள், மூன்று மாநிலங்களிலிருந்தாவது சேர்ந்த பிறகு அடுத்த அடி வையுங்கள். பதிவுக்குச் சட்டம் கேட்பது ஏழு பேரைத்தான். ஆனால் ஏழு பேரும் ஒரே ஊர்க்காரர்கள் என்றால் "தேசிய" என்ற சொல்லை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இந்த வகையில் நீலகிரி வசதியான இடம். கோவைக்காரர்கள் மேட்டுப்பாளையம் வழியாகவும், மைசூரு, பெங்களூருக்காரர்கள் முதுமலை வழியாகவும், கேரளத்துக்காரர்கள் கூடலூர் வழியாகவும் ஏறி வரலாம். கோவை செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிமீ கரி மோட்டார் ஸ்பீட்வே, மலையிறங்கினால் அரை நாளுக்குள் போய்ச் சேரும் தூரம்.

படி 2: யார் உரிமையாளர், எது கார்?

சங்கங்கள் பெரும்பாலும் உடைவது பணத்தால் அல்ல, இந்த இரண்டு சொற்களால். பதிவு அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே இதை எழுதி முடியுங்கள்.

சாலையில் ஓடும் வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, பெயரைப் பார்த்தால் போதும். உள்ளே எல்லாவற்றையும் கழற்றி, கூண்டு பற்றவைத்துப் பந்தயத்துக்கென்றே கட்டிய காருக்குப் பெரும்பாலும் நடப்பில் உள்ள ஆர்.சி. இருக்காது. கை மாறும்போது வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பதே வழக்கம். ஆகவே சங்கமே ஒரு கார் பதிவேடு வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கம்: விற்பனைக் கடிதத்தின் நகல், சேஸி எண், இன்ஜின் எண், நான்கு பக்கப் புகைப்படம், ரோல் கேஜ் எண்.

இதில் முக்கியமானது ரோல் கேஜ் எண். பெரிய விபத்துக்குப் பிறகு பாடி ஷெல்லையே மாற்றுவார்கள், இன்ஜின் ஒரு பருவத்திலேயே இரண்டு முறை மாறும். அப்போது "இது அதே கார்தானா?" என்ற கேள்வி வரும். கூண்டும் அதன் எண்ணும் இருந்தால் அதே கார், கூண்டு மாறினால் புதுக் கார் என்று முடிவு கட்டிவிடுங்கள். எண்ணைக் குழாயின் மேல் அடிக்காதீர்கள். அடித்த இடம் நசுங்கும், வலு குறையும். 2 மிமீ தகட்டில் எண்ணைப் பொறித்து, ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள, கூண்டின் முதன்மை வளைவின் அடித்தட்டில் அதைப் பற்றவைப்பது சரி.

உரிமையாளர் வரையறைக்கு ஒரு மாதிரி:

"சங்கத்தின் கார் பதிவேட்டில் தம் பெயரில் ஒரு காரையேனும் பதிந்திருப்பவரே உரிமையாளர் உறுப்பினர். அந்தக் கார் கடந்த இரண்டு பந்தயப் பருவங்களில் ஒரு சுற்றிலாவது தொழில்நுட்பச் சோதனையைத் தாண்டியிருக்க வேண்டும். கார் கட்டிக்கொண்டிருப்பவர் துணை உறுப்பினர். அவருக்கு ஓட்டு இல்லை."

ஓட்டு என்று வந்தால், ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். காருக்கு ஓர் ஓட்டு என்று வைத்தால் ஆறு கார் வைத்திருக்கும் பெரிய அணி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரே காரைக் கட்டுபவரை எளிதில் மிதித்துவிடும். அந்த ஒற்றைக் கார்க்காரர்கள் போய்விட்டால் களத்தில் கார் எண்ணிக்கை குறையும், பிரிவே அட்டவணையிலிருந்து எடுபடும். இதைவிட நியாயமான காரணம் வேண்டியதில்லை. பெரிய அணி தன் மெக்கானிக் பெயரில் கார்களை மாற்றி ஓட்டுச் சேர்க்கும் வழியும் உண்டு. தேர்தலுக்கு 90 நாள் முன்பே பதிவேட்டை மூடுங்கள், அதற்குப் பின் நடந்த பெயர் மாற்றத்துக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை என்று எழுதுங்கள்.

படி 3: முதல் கூட்டம்

தேதியை மார்ச் முதல் பாதியில் வையுங்கள். ஏப்ரல், மே சீசனில் அறை கிடைக்காது. ஜூனுக்குப் பின் கூடலூர்ப் பக்கம் மழை, அக்டோபருக்குப் பின் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழை, மண்சரிவு. வருபவர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் இவற்றைக் கட்டாயம் எழுதுங்கள்: 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். பந்திப்பூர்க் காட்டுப் பாதை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். கூட்டம் முடிந்து மைசூரு வழியாகத் திரும்புபவர்கள் மதியமே கிளம்பிவிட வேண்டும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை உண்டு, தண்ணீர்ப் பாட்டில் பெட்டியோடு ஏற வேண்டாம்.

பந்தயக் காரை யாரும் கொண்டுவர வேண்டாம். மலைப்பாதையில் "ஒரு ரவுண்டு பார்த்துவிடலாம்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வேகப்போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். சாதாரண வாகனக் காப்பீடும் பந்தய விபத்துக்குப் பணம் தராது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஜீப் வரும் சாலை அது.

கூட்டத்தில் மினிட் புத்தகம் இருக்க வேண்டும். கட்டிய நோட்டு, பக்க எண் அச்சிட்டது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர், ஆதரவு, எதிர்ப்பு எண்ணிக்கை, கடைசியில் வந்திருந்த அனைவரின் கையெழுத்து. பக்கத்தின் நடுவில் இடம் விட்டுவிட்டுப் பிறகு எழுதுவது பின்னால் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

படி 4: பதிவு

இரண்டு வழிகள் உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 ஒன்று. கம்பெனிகள் சட்டம், 2013-இன் 8-ஆம் பிரிவின் கீழ் லாப நோக்கமற்ற நிறுவனம் மற்றொன்று. இரண்டாவது நாடு முழுவதற்கும் பொருந்தும், பெரிய ஸ்பான்சர்களுக்கும் பழக்கமானது. ஆனால் ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டிய கணக்குகளும் தணிக்கைச் செலவும் ஒரு சிறிய சங்கத்துக்குச் சுமை. தொடக்கத்தில் சங்கமாகவே பதியுங்கள், வெளிமாநில உரிமையாளர்களை உறுப்பினர்களாகச் சேருங்கள்.

சங்க முகவரி ஊட்டியில் என்றால் உதகை மாவட்டப் பதிவாளர் அலுவலகம். விண்ணப்பத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் தொடங்கலாம். தேவையானவை: சங்க அமைப்புக் குறிப்பு, துணை விதிகள், ஏழு பேரின் அடையாளச் சான்று, அலுவலக முகவரிச் சான்று. வாடகை இடமானால் வீட்டுக்காரரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கட்டும்.

பெயரில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அரசோடு தொடர்புடையது போலத் தோன்றும் பெயர்களுக்குச் சட்டத்தில் தடை உண்டு. "தேசிய" என்ற சொல்லுக்காக மாதக்கணக்கில் அலையாதீர்கள். பிரிவின் பெயரும் "கார் உரிமையாளர்" என்ற சொல்லும் இருந்தால் போதும்.

நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மிகாமல் என்பது சட்டம். ஏழு பேர் குழு, அதில் ஒரே மாநிலத்திலிருந்து மூன்று பேருக்கு மேல் இல்லை என்று நீங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு கூட வேண்டும், அதாவது செப்டம்பர் 30-க்குள். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 தாக்கல் செய்யுங்கள். தேர்தல் நடத்திவிட்டுப் படிவம் 7-ஐ மறந்த சங்கங்களில், பதிவாளர் கோப்பில் பழைய செயலாளரே செயலாளர். வங்கியும் அவர் கையெழுத்தைத்தான் கேட்கும்.

படி 5: அளக்கக்கூடிய விதிகள்

சங்கத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. "விலை உயர்ந்த மாற்றங்கள் கூடாது" என்பது விதி ஆகாது. எந்தக் கருவியால், எப்போது, எவ்வளவு விலக்கத்தோடு அளப்பது என்று சொன்னால்தான் அது விதி.

எஸ்டீம் இன்ஜினைப் பாருங்கள். சிலிண்டர் விட்டம் 74 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் நீளம்) 75.5 மிமீ, நான்கு சிலிண்டர். கணக்குப் போட்டால் சுமார் 1,299 சிசி. "1300 சிசிக்கு மிகக் கூடாது" என்று நல்லெண்ணத்தில் எழுதிவிடுவார்கள். தேய்ந்த பிளாக்கை லேத் பட்டறையில் 0.25 மிமீ போர் எடுத்தாலே (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தினாலே) 1,307 சிசியைத் தாண்டும், 0.50 எடுத்தால் 1,316. இந்த இன்ஜின் பிளாக்குகள் பெரும்பாலும் ஒரு முறையாவது போர் எடுத்தவை. அந்த ஒரு வரியால் பாதிக் களம் தகுதி இழக்கும். ஆகவே சிசியை விட்டுவிட்டு, "சிலிண்டர் விட்டம் 74.55 மிமீக்கு மிகாமல், போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

அழுத்த விகிதமும் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) அப்படித்தான். உச்ச வரம்பு 9.5 என்று வைத்தால், ஒரு சிலிண்டருக்கு எரிகலன் (பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம்) கொள்ளளவு சுமார் 38.2 மில்லி. அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து எண்ணெய் விட்டு அளக்கும்போது ஒரு மில்லி குறைவாகப் படித்தால் விகிதம் 9.73 என்று காட்டும். எரிகலனை மூடும் கண்ணாடித் தட்டுக்கு அடியில் ஒரு காற்றுக் குமிழி போதும் ஒரு நேர்மையான காரைத் தகுதி நீக்க. எனவே இரண்டு பேர், இரண்டு முறை அளப்பது, ஒரு மில்லி விலக்கம் அனுமதிப்பது என்று விதியிலேயே இருக்கட்டும்.

குதிரைத்திறனுக்கு உச்ச வரம்பு வைக்கும் யோசனை அடிக்கடி வரும். ஏற்காதீர்கள். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அதே இன்ஜின் இங்கே சோர்ந்து நிற்கும், சென்னை அருகே பந்தயக் களம் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் சீறும். இன்னொரு அபாயமும் உண்டு. மலையில் கார்புரேட்டருக்குச் சிறிய ஜெட் (பெட்ரோல் போகும் துளை) போட்டுச் சரிசெய்த கார், சமவெளிக்கு இறங்கியதும் பெட்ரோல் போதாமல் சூடேறும், நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டும் சத்தம்) வரும், பிஸ்டன் தலை ஓட்டையாகும். ஆகவே சங்கத்தின் சோதனைகள் எல்லாம் களம் இருக்கும் ஊரிலேயே நடக்கட்டும். மலை உறுப்பினர்கள் இறங்கியவுடன் ஜெட் மாற்றி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் பெட்ரோல் அளவு சரி என்று தெரிந்த பிறகே முழு வேகம் கொடுக்க வேண்டும்.

குறைந்தபட்ச எடையை ஓட்டுநர், ஹெல்மெட், உடையோடு, பந்தயம் முடிந்த நிலையில், எரிபொருள் சேர்க்காமல் எடுங்கள். வேறு எப்படி எடுத்தாலும் தகராறுதான்.

படி 6: பணம்

சங்கப் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு, இருவர் கூட்டுக் கையெழுத்து. ஆண்டுச் சந்தாவாக ஆளுக்கு 5,000 ரூபாய், 24 பேர் என்றால் 1,20,000. முதல் செலவு போர் கேஜ், மைக்ரோமீட்டர், பியூரெட், நான்கு சக்கர எடைத்தட்டு ஆகியவற்றுக்குப் போகட்டும். பேனருக்கும் விருந்துக்கும் அல்ல. ஸ்பான்சர் வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயை நெருங்கினால் ஜிஎஸ்டி பதிவு பற்றி ஆடிட்டரிடம் பேசுங்கள்.

படி 7: கோரிக்கையைக் கொண்டுபோவது

பருவத்தின் நடுவில் விதி மாற்றம் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். கடைசிச் சுற்று முடிந்த இரு வாரத்துக்குள், புதிய விதிப்புத்தகம் எழுதப்படும் முன், ஒரு பக்கக் கடிதம்: இப்போதைய விதியின் வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், ஒரு காருக்கு ஆகும் செலவு, அளக்கும் முறை, ஓட்டு எண்ணிக்கை. எதிர்த்து விழுந்த ஓட்டுகளையும் மறைக்காமல் எழுதுங்கள். மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். புதிய பாகம் எதையாவது கட்டாயமாக்கக் கேட்டால், பழையதற்கு ஒரு பருவமாவது அவகாசம் சேர்த்துக் கேளுங்கள்.

கார் விற்கும்போது விற்பவரும் வாங்குபவரும் பதிவேட்டுப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். கூண்டு எண்ணைச் செயலாளர் நேரில் பார்த்து, அல்லது எண் தெளிவாகத் தெரியும் புகைப்படத்தைப் பக்கத்தில் ஒட்டி, தேதி போட வேண்டும். விற்றவருக்குப் பதிவேட்டில் வேறு கார் இல்லையென்றால் அன்றிலிருந்து அவர் ஓட்டு முடிகிறது. வாங்கியவரின் ஓட்டு, தேர்தலுக்கு 90 நாள் முன்பே பெயர் மாறியிருந்தால்தான் அந்தத் தேர்தலில் செல்லும்.