ஷிங்கிளுக்கு அடியில் போகும் தாள்

கனடாவின் ஸ்காபரோவில் 18 வருடமாகக் கூரை வேலை செய்கிறேன். வீட்டுக்காரர்கள் ஷிங்கிளின், அதாவது கூரைமேல் ஓடுபோல் அடுக்கும் தகடுகளின், நிறத்தைத்தான் கேட்பார்கள். அதற்கு அடியில் என்ன விரிக்கப் போகிறீர்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. காற்றில் நான்கு ஷிங்கிள் பறந்துபோனால் வீட்டைக் காப்பது அந்த அடித்தாள்தான்.

பழைய ஷிங்கிளைக் கழற்றியதும் பலகையைப் பாருங்கள். மிதித்தால் அமுங்கும் பிளைவுட்டை வெட்டி மாற்றுங்கள். துருத்திக்கொண்டிருக்கும் பழைய ஆணியைப் பிடுங்குங்கள். விட்டுவைத்தால் புதுத்தாளை அடியிலிருந்து குத்தும். ஈரமான பலகையில் எதையும் விரிக்க வேண்டாம். ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டி போடாமல் மேலே ஏறவே வேண்டாம்.

முதலில் தாவாரம். அங்கே டிரிப் எட்ஜ் என்ற விளிம்புத் தகட்டை அடித்துவிட்டு, அதன்மேல் ஐஸ் ஷீல்ட் என்ற பசையுள்ள நீர்க்காப்புத் தாளை ஒட்டுகிறோம். வீட்டுச் சூட்டில் கூரைமேல் உருகும் பனி, வழிந்து வந்து, குளிர்ந்த தாவாரத்தில் திரும்ப உறைந்து அணை கட்டிவிடும். பின்னால் வரும் தண்ணீர் தேங்கி, ஷிங்கிளுக்கு அடியால் மேல்நோக்கி ஏறும். அதனால்தான் எங்கள் ஒன்ராறியோ மாகாணக் கட்டடச் சட்டம் இந்தக் காப்பு விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீட்டர் ஏற வேண்டும், வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி இன்னும் 300 மில்லிமீட்டராவது போக வேண்டும் என்கிறது. தாவாரம் நீண்ட வீடுகளில் மூன்றடி அகலச் சுருள் ஒன்று போதாது. இரண்டாவது வரிசையும் ஒட்ட வேண்டும். வெப்பநிலை 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் பசை சரியாகப் பிடிக்காது. சுருளை முதல்நாள் இரவே சூடான இடத்தில் வைத்துவிடுவேன். இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்திலும் இதையே ஒட்டுங்கள், நடுவில் மட்டும் ஆணி அடிக்கக் கூடாது.

அப்புறம் மீதிக் கூரைக்குச் சிந்தெடிக் (செயற்கை இழை) தாள். ஊரில் பனையோலை வேய்கிறவர்கள் தாவாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போவார்கள், இங்கும் அதே முறைதான். எழுத்து அச்சிட்ட பக்கம் மேலே. மேல்வரிசை கீழ்வரிசையின்மேல் 4 அங்குலம் ஏறி நிற்க வேண்டும். பக்கத்து இணைப்புக்கு 6 அங்குலம். ஒரு முனையில் ஒரே ஆணி, இன்னொருவர் சுருளை விரித்துக்கொண்டே போய் இழுத்துப் பிடிக்க, சுருக்கம் போனபின் மற்ற ஆணிகள். 12 அங்குலத்துக்கு 4 அங்குலமும் உயராத தட்டைக் கூரை என்றால் வரிசைக்கு வரிசை பாதித்தாளை மேலேற்றிப் போடுங்கள்.

ஆணியில்தான் நான் கறாராக இருப்பேன். ஸ்டேப்பிள் வேண்டாம், பிளாஸ்டிக் தொப்பி ஆணி மட்டும். நேராக இறங்கித் தொப்பி தாளோடு படிந்திருக்க வேண்டும். விரலால் தடவினால் விளிம்பு தட்டக் கூடாது. அதற்காகத் தொப்பி குழிந்து தாளை வெட்டவும் கூடாது. இரண்டு பலகைக்கு நடுவே இறங்கிய ஆணி எதையும் பிடிக்காது. அதைப் பிடுங்கி, ஓட்டையை டேப்பால் மூடுங்கள். எங்கே அடிப்பது என்று பெரும்பாலும் சுருளிலேயே புள்ளி போட்டிருக்கும். ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

இதை ஓர் ஒக்டோபரில் கற்றேன். இருட்டிவிட்டது, நாளைக்கு ஷிங்கிள் போடத்தானே போகிறோம் என்று ஒன்றுவிட்டு ஒரு புள்ளியில் அடித்துவிட்டு இறங்கினேன். இரவு காற்றோடு மழை. காலையில் போனால் பாதித்தாள் பக்கத்து வீட்டு வேலியில் கிடக்கிறது. வீட்டு அம்மா படுக்கையறையில் மூன்று சட்டி வைத்திருந்தார். திட்டவில்லை, பேசாமல் சீலிங்கைக் காட்டினார். அந்த சீலிங்கை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எவ்வளவு இருட்டினாலும் எல்லாப் புள்ளியிலும் ஆணி இறங்காமல் ஏணியில் கால் வைப்பதில்லை.

சாய்வுப் பக்க விளிம்பில் தகடு தாளுக்கு மேலே வரும், தாவாரத்தில் அடியில் வந்தது போலல்ல. முகட்டில் தாளை மறுபக்கம் மடித்துவிடுங்கள். காற்றுப்போக்கி வைப்பதானால் அந்த இடத்தை மட்டும் பிறகு வெட்டலாம். புகைக்கூண்டைச் சுற்றி ஐஸ் ஷீல்டைச் சுவரோடு மேலே ஏற்றி ஒட்டுங்கள்.

மறுநாள் காலை தாளில் பனி படிந்திருந்தால் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். வெயில் வந்து காயும்வரை நாங்கள் வான் வண்டிக்குள் இருந்து தேநீர் குடிப்போம்.