பாரிஸ்ல எடுத்து சூரிச், ஸ்டுட்கார்ட், ஹம் எண்டு சுத்தி வர: வாடகைக் கார் பிளான் போடுறது எப்பிடி

திருகோணமலையில இருந்து யூரோப்புக்கு விசிட் போற எங்கட ஆக்கள் கனபேருக்கு சொந்தம் ஒரு நாட்டோட நிக்காது. அம்மாட அக்கா பாரிஸ், தங்கச்சி சூரிச், மாமாட மகன் ஸ்டுட்கார்ட், அதோட அம்மாக்கு ஜேர்மனியில ஹம் எண்ட ஊர்ல இருக்கிற காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஒரு நேர்த்தியும் இருந்துது. நானும் மனிசியும் மகளும் அம்மாவும், நாலு பேருக்கு ட்ரெயின் காச கூட்டிப் பாத்திட்டு, முழங்கால் நோவோட அம்மா ஸ்டேஷன் ஸ்டேஷனா பெட்டியோட ஏறி இறங்க ஏலாது எண்டும் யோசிச்சுத்தான் கார் எடுத்தம். நான் பட்டுப் படிச்சத எழுதுறன், போகப்போற ஆக்கள் தயவுசெய்து முழுக்க வாசியுங்க.

முதல் ரூட்ட வட்டமா கீறுங்க. பாரிஸ்ல எடுத்து சூரிச்ல விட்டா வேற நாட்டில விடுறதுக்கெண்டே ஒரு காசு அடிப்பாங்க, சிலநேரம் அது கார் வாடகையவிட கூட வரும். எடுத்த இடத்திலயே கொண்டந்து விடுறதுதான் லாபம். எங்கட வட்டம் பாரிஸ் சூரிச் கிட்டத்தட்ட 650 கிலோமீட்டர், அங்கயிருந்து ஸ்டுட்கார்ட் 220, ஹம்முக்கு 440, திரும்ப பாரிஸ் 570. இங்க கொழும்புக்கு 260 கிலோமீட்டர் போகவே ஆறு மணித்தியாலம் எடுக்கிற எங்களுக்கு அந்த ஹைவே எல்லாம் பெரிய ஆறுதல்தான், எண்டாலும் வயசானவை இருந்தா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டுங்க, ஒரே நாள்ல 650 எண்டு வெறி பிடிச்சு ஓடாதீங்க, நடுவில ஒரு இரவு தங்குங்க.

இனித்தான் முக்கியமான விசயம். உங்களுக்கு விசா இருக்கிறது வேற, காருக்கு பெர்மிஷன் இருக்கிறது வேற. ஷெங்கன் விசா, அதாவது யூரோப்பில கன நாட்டுக்கு பொதுவான விசா, ஒண்டு இருந்தா பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் மூண்டுக்கும் நீங்க போகலாம், சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில இல்லாட்டியும் ஷெங்கனுக்குள்ளதான் இருக்கு. ஆனா கார எந்தெந்த நாட்டுக்கு கொண்டு போகலாம் எண்டத வாடகைக் கொம்பனிட கொன்ட்ராக்ட்தான் சொல்லும். சொல்லாத நாட்டுக்குள்ள போய் அடிபட்டா இன்சூரன்ஸ் கை விரிச்சிடும், முழுச்செலவும் உங்கட தலையில. நாங்க மூண்டு நாடு எண்டு சொல்லி எழுதுவிக்கப் போக, பெரியம்மாட மகன் அண்ணாதான் மேப்ப பாத்திட்டு சொன்னார், ஹம்ல இருந்து பாரிஸுக்கு வாற ரோட் பெல்ஜியத்துக்குள்ளாலதான் வருது எண்டு. எங்கட பிளான்ல பெல்ஜியம் எண்ட பேரே இல்ல! அதையும் போடுவிச்சம். நீங்களும் தங்கிற ஊர மட்டும் பாக்காம ரோட் எதுக்குள்ளால போகுது எண்டு விரல் வெச்சு பாருங்க.

விசாவுக்கு கூட நாள் நிக்கப்போற நாட்டிட எம்பஸிக்குத்தான் போடோணும், எல்லாம் சம நாள் எண்டா முதல் இறங்கிற நாடு. 30,000 யூரோ கவர் உள்ள மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம். லண்டனிலயும் ஆக்கள் இருந்தா அது இதோட சேராது, தனி விசா, காரையும் பாரிஸ்ல விட்டிட்டு ட்ரெயின்ல போறதுதான் சுகம்.

லைசன்ஸுக்கு கொழும்பில ஒட்டோமொபைல் அசோசியேஷன்ல இன்டர்நெஷனல் பெர்மிட் எடுங்க, எங்கட ஒறிஜினல் லைசன்ஸையும் கொண்டு போங்க, ஒண்ட மட்டும் காட்டினா காணாது. அடுத்தது கார்ட், நான் மாட்டுப்பட்டது இதிலதான். காசெல்லாம் முன்கூட்டியே கட்டிட்டு கவுண்டர்ல போய் டெபிட் கார்ட்ட நீட்டினா எடுக்க மாட்டன் எண்டிட்டாங்க, டிப்போசிட் பிடிக்க கிரெடிட் கார்ட் வேணும், அதுவும் டிரைவர்ட பேர்ல இருக்கோணும். அண்ணாட கார்ட குடுத்தாலும் ஏலாதாம், ஏனெண்டா அவர் டிரைவர் இல்ல. மகள் பெட்டிக்கு மேல நித்திரை, அம்மா என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறா. கடைசியா அண்ணா லீவு போட்டு மெயின் டிரைவரா வந்து, என்ன ரெண்டாவது டிரைவரா போட்டு, புதுசா புக் பண்ணி எடுத்தம், முதல் கட்டின காசு போனது போனதுதான். ஆனபடியா இங்கயே பேங்க்ல கதைச்சு கார்ட வெளிநாட்டுக்கு திறந்து, லிமிட் காணுமா எண்டு பாத்திட்டு வெளிக்கிடுங்க. சுவிஸ்ல இருக்கிற சொந்தக்காரர் வேற நாட்டு நம்பர் காரை சுவிஸுக்குள்ள ஓட கஸ்டம்ஸ் கட்டுப்பாடு இருக்கு, அவைய டிரைவரா போட முதல் விசாரியுங்க.

சுவிஸ் ஹைவேக்கு விக்னெட் வேணும், அதாவது ஹைவேயில ஓடுறதுக்கு காசு கட்டி எடுக்கிற பாஸ். ஒரு நாளோ ஒரு வருசமோ விலை ஒண்டுதான், 40 பிராங்க், இல்லாம பிடிபட்டா 200 பிராங்க் தண்டம், அதோட விக்னெட்டும் வாங்கோணும். 2023ல இருந்து ஸ்டிக்கர் இல்லாம நம்பர் பிளேட்டுக்கே ஒன்லைன்ல வாங்கலாம், ஆனா வாடகைக் கார்ட நம்பர் கையில சாவி வந்தாப்பிறகுதான் தெரியும், அதால கார் பார்க்குக்குள்ளயே நிண்டு வாங்கிட்டு எடுங்க. பிரான்ஸ்ல டோல் கேட்ல டிக்கெட் எடுத்து இறங்கிற இடத்தில கட்டோணும், ஜேர்மனி ஹைவே காருக்கு ஃப்ரீ.

புக் பண்ணேக்க ஒட்டோ கியர் வேணுமெண்டு தெளிவா போடுங்க, அங்க மனுவல் கூட. ரோட்டில வலப்பக்கம் ஓடோணும், கியர் வலக்கையில, ரவுண்டபவுட்ட எதிர்ப்பக்கமா சுத்தோணும். ஹைவேயில பயமில்ல, பெட்ரோல் செட்டால வெளிய வரேக்கையும் வெறும் ரோட்டில திரும்பேக்கையும்தான் கை தானா இடப்பக்கம் இழுக்கும். பக்கத்தில இருக்கிற ஆள் ஒவ்வொரு திருப்பத்திலயும் "வலது, வலது" எண்டு சொல்லட்டும், மனிசி எனக்கு நாலு நாளும் சொன்னவ. சின்னாக்களுக்கு சீட் கட்டாயம், மடியில வெச்சுக்கொண்டு போற பழக்கம் அங்க சரிவராது.

கார் எடுக்கேக்க நாலு பக்கமும், ரிம்மும், கண்ணாடியும், டாங்க் முள்ளும் வீடியோ எடுங்க, விடேக்கையும் அதே மாதிரி. ஒஃபிஸ் பூட்டின பிறகு சாவிய பெட்டிக்குள்ள போட்டிட்டு வந்தா காலம அவங்க வந்து பாக்கும் வரைக்கும் கார் உங்கட பொறுப்புத்தான், அதால ஃப்ளைட் விடியப்புறம் எண்டா முதல் நாள் பின்னேரமே ஆள் நிக்கேக்க குடுத்து கையெழுத்து வாங்கிடுங்க.