புது கார் சொதப்பலா? டைமிங் ஷீட்டைப் படிக்கும் விதம்

சோதனை ஓட்டத்தில் உங்கள் எஃப்1 (ஃபார்முலா 1 கார் பந்தய) டீம் டைமிங் ஷீட்டின், அதாவது நேரப் பட்டியலின், அடியில் கிடந்தால், ஒற்றை லாப் (ஒரு சுற்று) நேரத்தைப் பார்த்துப் புலம்ப வேண்டாம். டேங்கில் 10 கிலோ எரிபொருள் கூடினாலே லாப்புக்குச் சுமார் 0.3 விநாடி தாமதமாகிவிடும். எவ்வளவு ஊற்றினார்கள் என்று எந்த டீமும் வாய் திறக்காது. 10 லாப்புக்கு மேல் நீளும் ஓட்டங்களை எடுங்கள், டயர் வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். எரிபொருள் குறையக் குறைய நேரம் மளமளவென்று ஏறினால் கார் டயரைத் தின்கிறது. அது நிஜமான வியாதி.

ஆன்போர்டில் (காரில் பொருத்திய கேமரா காட்சியில்) ஸ்டியரிங்கைக் கவனியுங்கள். வளைவின் நடுவே மேலும் மேலும் திருப்பினால் முன்பக்கப் பிடிமானம் போதவில்லை. வெளியேறும்போது எதிர்ப்பக்கம் வெட்டினால் பின்பக்கம் வழுக்குகிறது.

வியாதி நிஜமானாலும் மீள முடியும். 2023 பஹ்ரைன் பந்தயத்தில் மெக்லாரன் டீம் படுதோல்வி. ஆஸ்திரியாவில் புதிய பாகங்கள் வந்தன, அடுத்த பந்தயமான சில்வர்ஸ்டோனிலேயே அதன் ஓட்டுநர் நோரிஸ் 2-ஆம் இடம்.