எஸ்.யூ.வி. பின்பக்க சஸ்பென்ஷன்: வீட்டில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சஸ்பென்ஷன் இணைப்புகளில் புதிதாகப் போட்ட ரப்பர் புஷ் சீக்கிரமே கிழிந்துபோனால், முதலில் திட்டு வாங்குபவர் உதிரிபாகம் விற்றவர்தான். பல நேரங்களில் அவர்மேல் குற்றமே இருக்காது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்கிய கைதான் காரணம்.

சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ், பேரிங்கைப் போலச் சுழலாது. உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு இறுகி நின்றுவிடும். அதன்பின் ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் வளைந்து கொடுப்பதால்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கேறிவிடும். சும்மா நிறுத்தி வைத்தாலும் அந்த முறுக்கு போகாது. பள்ளம் மேடுகளில் இன்னும் கூடும். கிழியாமல் என்ன செய்யும்?

எனவே எல்லா போல்ட்டுகளையும் முதலில் லேசாக மட்டும் முறுக்கி வையுங்கள். ஆர்முக்கோ ஆக்சிலுக்கோ அடியில் ஜாக் கொடுத்து, வண்டி வழக்கமாக நிற்கும் உயரத்துக்கு ஏற்றிய பிறகு குறித்த விசை அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சைக் கையில் எடுங்கள். அந்த உயரத்தை அறிய, வேலையைத் தொடங்கும் முன்பே சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளலாம். தொய்ந்த ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுகிறீர்கள் என்றால் பழைய அளவு உதவாது. சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும்போது இறுக்குவதே சரி. ரப்பர் புஷ்ஷில் கிரீஸ் தடவும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும்.

பாதுகாப்பில் பலர் சறுக்கும் இடம் ஹேண்ட் பிரேக். பெரும்பாலான வண்டிகளில் அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. அந்தச் சக்கரங்களே காற்றில் இருக்கும்போது எதைப் பிடித்து நிறுத்தும்? முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கைத் தொடக்கூடாது. தூக்கிய பிறகு எடையை ஜாக் ஸ்டாண்டுகள் தாங்க வேண்டும். செங்கல்லை அடுக்கி வைப்பவர்களிடம் சொல்ல எனக்கு ஒரே வார்த்தைதான்: வேண்டாம்.

காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் ஷாக் அப்சார்பரைக் கழற்றுவதற்கு முன் கீழே ஜாக் கொடுத்தாக வேண்டும். பல வண்டிகளில் ஆக்சில் கீழே இறங்காமல் தடுத்து நிறுத்துவதே ஷாக்தான். அதைக் கழற்றியதும் ஆக்சில் சரிந்து, பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் ஒயரிலும் தொங்கும், ஸ்பிரிங்கும் எகிறலாம். ஜாக்கை மெல்ல மெல்ல இறக்கி, ஸ்பிரிங் தளர்ந்த பிறகே வெளியே எடுங்கள். புதியதைப் பொருத்தும்போது அதன் முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

ஷாக்கின் மேல் நட்டைக் கழற்றும்போது தண்டும் சேர்ந்து சுற்றும். எரிச்சலில் அந்தப் பளபளக்கும் தண்டை பிளையரால் கவ்விவிடுவார்கள். பழைய ஷாக் என்றால் போகட்டும். புதியதில் அந்தக் கீறல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஆயில் சீலை அறுக்கும். தண்டின் தலையில் கருவியால் பிடிக்க இடம் விட்டிருப்பார்கள், அதைப் பயன்படுத்துங்கள். ஷாக்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் வேண்டாம். இரு பக்கமும் ஒரே அளவில் அசைவைத் தணிக்க வேண்டும்.

துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். நைலான் வளையம் உள்ள நட்டுகளை மறுபடி பயன்படுத்தாதீர்கள். சில போல்ட்டுகளின் தலையில் மையம் விலகிய வட்டத் தகடு இருக்கும். பின்சக்கரத்தின் கோணத்தைத் தீர்மானிப்பது அதுதான். கழற்றும் முன் பெயின்ட்டால் கோடு போட்டு வையுங்கள். கோடு போட்டிருந்தாலும் வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் பழைய ‘டக் டக்’ சத்தம் போகவில்லையா? வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்கைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஷாக்குக்குச் செலவழிக்கும் முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை அது.